கண்ணகி முதன்முதலில் எப்போது பேசினாள்?

ஒரு கதையையோ திரைப்படத்தையோ பற்றிப் பேசும்போது பாத்திரங்களை எடைபோட அவர்கள் பேசிய பேச்சைத்தான் பெரும்பாலும் தராசில் வைக்கிறோம். நீளமாகவும் சூடாகவும் பேசுகிறவர் ‘வலுவான பாத்திரம்’ என்று பெயர் வாங்கிவிடுகிறார். வாய் திறக்காதவருக்கு மிஞ்சுவது இரண்டு பட்டங்கள். நமக்குப் பிடித்திருந்தால் அவர் பொறுமையின் இலக்கணம்; பிடிக்காவிட்டால் உயிரில்லாத பொம்மை. இந்த இரண்டு பட்டங்களுமே படைப்பைப் பார்த்துக் கொடுக்கப்பட்டவையாக எனக்குத் தோன்றுவதில்லை. பாத்திரம் பேசாமல் விட்ட இடத்தில் வாசிப்பவர் தம் ஒழுக்க நம்பிக்கையை இட்டு நிரப்பிவிட்டு, பிறகு அதையே பாத்திரத்தின் குணம் என்று எடுத்துப் படிக்கிறார். பேச்சுக்குச் சான்று கேட்பதைப் போலவே மௌனத்துக்கும் சான்று கேட்க முடியும், கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. தமிழில் இதைச் சோதித்துப் பார்க்கக் கண்ணகியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இரண்டு பட்டங்களையும் மாறி மாறி வாங்கியவள் அவள்.

சிலப்பதிகாரத்தின் முதல் எட்டுக் காதைகளில் கண்ணகிக்குப் பேச்சே இல்லை. மங்கல வாழ்த்துப் பாடலில் அவளுக்குத் திருமணம் நடக்கிறது. அடுத்த காதையில் கோவலன் ‘மாசறு பொன்னே, வலம்புரி முத்தே’ என்று தொடங்கி, மலையிடையே பிறவாத மணியோ, அலையிடையே பிறவாத அமிழ்தோ என்று புகழ்மாலை சூட்டுகிறான். அந்தப் புகழ்ச்சிக்கு அவள் என்ன மறுமொழி சொன்னாள் என்று இளங்கோ ஒரு வரியும் எழுதவில்லை. கோவலன் மாதவியோடு தங்கிவிட்ட பிறகு வரும் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலும் அவளுடைய துயரத்தை அவள் வாயால் கேட்பதில்லை. சிலம்பு நீங்கிய அடி, எண்ணெய் மறந்த கூந்தல், திலகம் இழந்த நெற்றி என்று உடம்பின் வழியாகவே அது சொல்லப்படுகிறது. ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’ என்று அந்தப் பட்டியல் சிலம்பிலிருந்து தொடங்குவதை, கதை முழுவதும் தெரிந்தபின் திரும்பப் படிக்கிறவர் கவனிக்காமல் இருக்க முடியாது. இந்திரவிழாவின் முடிவிலும் அப்படித்தான். கண்ணகியின் கருங்கண்ணும் மாதவியின் செங்கண்ணும் நீர் உகுத்தன, ஒருத்திக்கு இடமும் இன்னொருத்திக்கு வலமுமாகத் துடித்தன என்று கண்களுக்குத்தான் வேலை.

இவ்வளவையும் அடுக்கிவைத்து, கண்ணகி வாயற்றவள் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அவளுடைய முதல் பேச்சு எங்கே, எதைப் பற்றி வருகிறது என்று தேடிப் போனால் அந்த முடிவு நிற்காது. ஒன்பதாவதான கனாத்திறம் உரைத்த காதையில், கணவனைப் பெறுக என்று வாழ்த்தும் தோழி தேவந்தியிடம் தான் கண்ட கனவை அவள் சொல்கிறாள். கோவலன் தன் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்குள் அழைத்துப் போகிறான். அந்த ஊரார் தங்கள்மேல் பொருந்தாத பழியொன்றை, தேளைத் தூக்கிப் போடுவதுபோலப் போடுகிறார்கள். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டு, ‘காவலன் முன்னர் யான் கட்டுரைத்தேன்’. அதனால் அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது. இதுதான் கனவு. இத்தனை காலம் பேசாமல் இருந்தவள் முதன்முதலாகப் பேசும்போது, தான் அரசன் முன் நின்று பேசியதாகச் சொல்கிறாள். வழக்குரை காதையில் வெடிக்கப்போகும் அந்தக் குரல் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. முந்தைய கண்ணகியும் பிந்தைய கண்ணகியும் ஒட்டவில்லை என்று குறை சொல்பவர்களும் உண்டு. ஒட்டுப் போட்ட இடம் இந்தக் கனவு. இளங்கோ அதை ஊழின் முன்னறிவிப்பாக வைத்திருக்கலாம். ஆனால் ஒரு பாத்திரத்தை வாசிக்கிறவருக்கு அது அதைவிடக் கூடுதலான செய்தி: அரசனிடம் பேசும் பேச்சு அவளுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

கனவைக் கேட்ட தேவந்தி, முற்பிறப்பில் கணவன் பொருட்டுச் செய்ய வேண்டிய நோன்பு ஒன்றில் நீ தவறினாய், சோமகுண்டம் சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனைப் பெறலாம் என்று வழி சொல்கிறாள். அதற்குக் கண்ணகியின் பதில் ‘பீடன்று’. அது பெருமை ஆகாது. விளக்கமும் இல்லை, விவாதமும் இல்லை. கணவன் திரும்பி வர வேண்டும் என்பது அவளுடைய விருப்பமாகவே இருக்கலாம். அதற்காகப் போய் நின்று வேண்டுவது தன் மதிப்புக்குத் தகாது என்று அவள் நினைக்கிறாள். பொறுமைசாலி பேசுகிற பேச்சா இது? எனக்கு இதில் கேட்பது செருக்குத்தான், அதுவும் நன்றாகப் பழகிப்போன செருக்கு.

அதே வேளையில் கோவலன் வாசலுக்கு வந்துவிடுகிறான். வாடிய மேனியைப் பார்த்து வருந்தி, வஞ்சகக்காரியோடு கூடி முன்னோர் தேடிவைத்த மலைபோன்ற செல்வத்தைத் தொலைத்தேன், இந்த வறுமை எனக்கு வெட்கத்தைத் தருகிறது என்கிறான். அவன் பேச்சை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். வெட்கம் தருவதாக அவன் சொல்வது வறுமையை. உன்னைப் பிரிந்து போனது வெட்கம் தருகிறது என்று அவன் சொல்லவில்லை. கண்ணகி முறுவலோடு ‘சிலம்புள கொண்ம்’, சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளும் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் அப்படிச் சொன்னதாக உரை சொல்வது வழக்கம். அந்த உரை அவளை இன்னும் ஒரு படி உயர்ந்த தியாகியாக்குகிறது. எனக்கு அந்த இரண்டு சொற்களில் வேறொன்றும் தெரிகிறது. அவன் பேசியது பொருளைப் பற்றி. அவளும் பொருளைக் கொண்டே பதில் சொல்கிறாள். அவன் கேட்காத மன்னிப்பை அவளும் கொடுக்கவில்லை.

அந்த முறுவல் எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் கொலைக்களக் காதையில் கண்ணகியே முறுவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறாள். மதுரையில் ஆயர் குடியிருப்பில் கோவலன் உண்டு முடித்தபின், சிறுமை செய்தவனாகிய நான் எழுக என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று கலங்குகிறான். அவன் இல்லாத காலத்தில் தன்னைப் பார்க்க வந்த மாமனாரும் மாமியாரும் தன்னுடைய ‘வாயல் முறுவல்’ கண்டு உள்ளம் வருந்தினார்கள் என்று அவள் சொல்கிறாள். உண்மையில்லாத சிரிப்பு அது என்று சிரித்தவளே ஒப்புக்கொள்கிறாள். தொடர்ந்து, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர், யாவதும் மாற்றா உள்ள வாழ்க்கையேன் ஆதலின் ஏற்றெழுந்தனன் யான்’ என்கிறாள். பெரியோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் செய்தீர் என்று கணவன் முகத்துக்கு நேராக, மரியாதைப் பன்மை குறையாமல், ஒரு குற்றச்சாட்டு. அடுத்த பகுதியில், நான் வந்தது உமக்காக மட்டுமல்ல, என் உள்ளம் மாறாத உள்ளம் என்பதால் வந்தேன் என்று தன் முடிவுக்குத் தன்னையே காரணமாக்கிக்கொள்கிறாள். கணவனும் மனைவியும் நடந்ததைப் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் இடம் காப்பியத்தில் இதுதான். இதைக் கேட்டுவிட்டுச் சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவன் திரும்பி வருவதில்லை.

கருப்பொருள் என்ற பேச்சை எடுத்தாலும் சிலப்பதிகாரம் நல்ல சோதனைக்களம், ஏனென்றால் அதன் பதிகம், அதாவது முன்னுரைப் பாட்டு, கருப்பொருளை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுகிறது. அரசியலில் பிழைத்தவருக்கு அறமே எமனாகும், புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோரும் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்ற மூன்றும் பள்ளிப் பாடத்திலேயே மனப்பாடம். கதையை இந்த மூன்றுக்கும் எடுத்துக்காட்டாகப் படித்துக்கொண்டு போனால் எல்லாம் பொருந்திவருவதுபோலத்தான் இருக்கும். ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்ற வரிக்கு மட்டும் மூன்றிலும் இடம் கிடைக்காது. அரசன் பிழைத்ததைப் பதிகம் பேசுகிறது, கணவன் பிழைத்ததை அது பேசவில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் கோவலன் செய்த கொலையும் அதன் விளைவாக அவன்மேல் வந்த சாபமும் சொல்லி, நடந்ததெல்லாம் ஊழ் என்று விளக்குகிறது. கருப்பொருளை ஒரு பாத்திரத்தின் முகத்துக்கு முன்னால் நின்று தெய்வமே விளக்குகிற காட்சி இது. கண்ணகி அந்த விளக்கத்தை ஏற்றதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்துவிட்டு, கிழக்கு வாயிலில் கணவனோடு புகுந்தேன், மேற்கு வாயிலில் தனியாகப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறாள். கருப்பொருளைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் விமர்சனத்துக்கு இந்த இடம் நல்ல தடை. பாத்திரத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கமும் அந்தப் பாத்திரம் சுமக்கிற வாழ்க்கையும் ஒரே அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல படைப்புகளில் பெரும்பாலும் அவை ஒரே அளவில் இருப்பதுமில்லை.

இந்தக் கதை திரைக்கு வந்தபோது என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். 1942இல் வந்த ‘கண்ணகி’ இளங்கோவனின் வசனத்துக்காகவும், 1964இல் வந்த ‘பூம்புகார்’ மு. கருணாநிதியின் வசனத்துக்காகவும் இன்றும் நினைக்கப்படுகின்றன. இரண்டிலும் மக்கள் மனத்தில் நிற்பது அவைக்களத்தில் நீதி கேட்கும் கண்ணகி. மேடைப்பேச்சும் நாடகமும் கோலோச்சிய காலத்தின் சினிமா அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. காப்பியத்திலேயே உச்சம் அதுதான். ஆனால் காப்பியத்தில் அந்த வழக்கை முடிப்பது பேச்சுத்திறமை அல்ல. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் இவள், எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறித்து மன்னனுடைய வாயருகே போய் விழுகிறது. வாதம் முடிந்தது. பொருளொன்று சாட்சி சொல்லும் இந்தக் காட்சி, எழுதப்பட்ட காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து வந்த கேமராவுக்காகவே காத்திருந்ததுபோல இருக்கிறது. அதை வசனக் காட்சியாகவே நாம் நினைவில் வைத்திருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஒரு கதையை மறுபடி சொல்கிறவர் முதல் கதையின் மௌனத்தை எப்படி நிரப்பினார் என்று பார்ப்பதே நல்ல விமர்சனப் பயிற்சி என்று நினைக்கிறேன். கம்பனில் அகலிகை சாபம் பெறும்போது பிழை பொறுக்க வேண்டுகிறாள். கல்லிலிருந்து எழுந்தபின் இராமனை வணங்கிப் போகிறாள். ‘நெஞ்சினால் பிழைப்பிலாள்’ என்று அவளுக்காக விசுவாமித்திரன் பேசுகிறான், அவள் பேசுவதில்லை. அந்த வீட்டில் அதன்பிறகு என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியை 1943இல் ‘சாப விமோசனம்’ கதையில் புதுமைப்பித்தன் எடுத்துக்கொண்டார். அவருடைய அகலிகை விமோசனம் பெற்றும் நிம்மதி பெறாமல் நடமாடுகிறாள். சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னது இராமன்தான் என்று சீதை வாயாலேயே கேள்விப்பட்டதும் மீண்டும் கல்லாகிப்போகிறாள். முதலில் கல்லானது முனிவன் இட்ட தண்டனை. இரண்டாவது முறை கல்லானது அவள் சொன்ன பதில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கதைசொல்லி எந்த இடத்தில் அதை வைக்கிறார் என்பதிலேதான் முழுப் பொருளும் இருக்கிறது.

இதைவிட விசித்திரமான நிகழ்வு ஜெயகாந்தனுடையது, ஏனென்றால் தன்னுடைய கதையின் மௌனத்தைத் தானே நிரப்பிக்கொண்ட எழுத்தாளர் அவர். 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழை நாளில் காரில் அழைத்துப் போகப்பட்டுக் கெடுக்கப்பட்ட பெண் வீட்டுக்கு வருகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை கிளப்பிய சர்ச்சை பெரிது. தாய் செய்தது சரியா, இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்றெல்லாம் வாதாடினார்கள். கவனித்தால், வாதம் முழுவதும் தாயைப் பற்றியது. பெண் என்ன நினைத்தாள் என்ற இடம் காலியாகவே இருந்தது. அங்கே தாயின் பெருந்தன்மை வந்து உட்கார்ந்துகொண்டது.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் அந்தக் காலி இடத்திலிருந்து தொடங்குகிறது. அதே சம்பவம், ஆனால் தாய் அலறி ஊரைக் கூட்டிவிட, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்த, ஆண்டுகள் கழித்து வேலைக்குப் போகிற, தனித்த பெண்ணாக நிற்கிறாள் கங்கா. அந்தப் பழைய சிறுகதையையே எழுதியவராக ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் நாவலுக்குள் பாத்திரமாக வருகிறார். தன் வாழ்க்கையை வேறு மாதிரி முடித்துவைத்த கதையைக் கங்காவே படிக்கிறாள். கங்கா மற்றவர்களிடம் அளந்துதான் பேசுகிறாள். வாசகரிடம் மட்டும் ஓயாமல் பேசுகிறாள். எரிச்சலும் கிண்டலும் ஏக்கமுமாக, தனக்குத்தானே முரண்பட்டுக்கொண்டு பேசுகிறாள். பொருத்தமில்லாத மனிதனைத் தேடிப்போய் உறவு வைத்துக்கொள்ளும் அவள் முடிவு வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்; அந்த உட்பேச்சைக் கேட்டவருக்கு அப்படித் தெரியாது. நாவலுக்கு 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் அதே கதை படமானபோது திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனுடையவையே. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது வந்தது. அந்த விருது எனக்கு மிகவும் நியாயமாகப்படுகிறது. நாவலில் பக்கம் பக்கமாக ஓடும் உட்பேச்சைப் படத்தில் தாங்க வேண்டியிருந்தது அவருடைய முகமும் குரலும்தான். அதையும் மீறிச் சொல்வதானால், படம் நாவலை நம்புகிற அளவுக்குத் தன் கேமராவை நம்பவில்லை. வசனம் நன்றாக இருப்பதாலேயே வரும் ஆபத்து அது.

உட்பேச்சைச் சினிமா எப்படிக் காட்டுவது என்பதற்கு வெவ்வேறு வழிகள் உண்டு. பின்னணிக் குரல் சோம்பேறி வழி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட அலுப்புத் தருவது, இடைவேளைக்குப் பிறகு ஒரு பாத்திரம் திரும்பி நின்று படத்தின் கருத்தை நமக்குப் படித்துக்காட்டும் வழக்கம். அதுவரை அந்தப் பாத்திரம் சேர்த்துவைத்திருந்த சந்தேகங்களெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்து, பதிகம் மட்டும் மிஞ்சுகிறது.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இதற்கு எதிர்த்திசையில் போகிறது. சுதா கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை, அவளுடைய தாத்தா முருகேசன் ஒருநாள் தனியாகப் பேருந்தேறிப் போய்ப் பார்க்கிறார். கட்டி முடியாத சுவர்களுக்கு இடையே நடக்கிறார், தொட்டுப் பார்க்கிறார், நிமிர்ந்து பார்க்கிறார். வீட்டை நம்பி அந்தக் குடும்பம் அடகு வைத்ததும் இழந்ததும் என்ன என்பது நமக்கு அதற்கு முன்பே தெரியும். முருகேசனாக நடித்த சொக்கலிங்க பாகவதர் அங்கே எதையும் விளக்கவில்லை. அந்தக் கிழவர் வீட்டைக் காதலிக்கிறார் என்று சொல்லலாம். தன் காலத்துக்குள் முடியாது என்று கணக்குப் போடுகிறார் என்றும் சொல்லலாம். திரும்பும் வழியில் அவர் இறந்துபோவதால் இரண்டாவதைச் சொல்வதற்கே நமக்குக் கை அரிக்கும். ஆனால் அவர் இறப்பது நமக்குத் தெரிந்த செய்தி, சுவரைத் தொடும்போது அவருக்குத் தெரியாத செய்தி. பாத்திரத்துக்குத் தெரியாததை அதன் மௌனத்துக்குள் திணிப்பது, கண்ணகிக்குப் பொறுமையைத் திணிப்பதற்குச் சளைத்த தவறில்லை. அந்தக் காட்சியில் எனக்குச் சான்றோடு தெரிவது அவருடைய மகிழ்ச்சி மட்டுமே.

‘பதேர் பாஞ்சாலி’ (1955) என்ற வங்காளப் படத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு சிக்கல் தீரவில்லை. வெளியூர் போயிருந்த ஹரிஹர் இடிந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்கா இறந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. மனைவி சர்வஜயா பேசாமல் நிற்கிறாள். துர்காவுக்கு வாங்கிய சேலையைக் கையில் கொடுத்ததும் அவள் உடைந்துபோகிறாள். அவளுடைய அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை, அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற நரம்புக் கருவியின் உச்சக் குரல் ஒலிக்கிறது. இயக்குநர் சத்யஜித் ராய் ஒரு தாயின் குரலை எடுத்துவிட்டு ரவிசங்கரின் இசையை வைத்திருக்கிறார். நான் இதுவரை சொல்லிவந்த அளவுகோலை வைத்தால் இதுவும் மௌனத்தை நிரப்புகிற வேலைதானே என்று கேட்கலாம். சர்வஜயா தன் மௌனத்தைத் தானே உடைத்த கணத்தில், அவள் குரலைப் பறித்து அங்கே வேறொன்றை வைத்தது கதைசொல்லி அல்லவா?

இதை ஆதரித்துச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. அழுகையின் ஒலி வந்திருந்தால் அது அவளுடைய துயரத்தை மட்டும் சொல்லியிருக்கும். அதைக் கேட்டபடி நாம் ஹரிஹரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். இசை வந்ததால் அந்த ஒரு கணத்துக்குத் துயரம் இருவருக்கும் பொதுவாகிறது, அவருக்கு விஷயம் விளங்குவதும் அவள் உடைவதும் ஒரே ஒலிக்குள் நடக்கின்றன. அடுத்துவரும் ஒரு காட்சியோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்பெறும். துர்கா திருடவில்லை என்று மறுத்த மணிமாலை வீட்டைக் காலி செய்யும்போது அவள் தம்பி அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் அதைக் குளத்தில் எறிந்துவிடுகிறான், பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கிறது. தாயின் குரலுக்குப் பதிலாக இசையை வைத்த அதே படம், மகன் காக்கும் இரகசியத்துக்குக் கருத்துரை எதுவும் சேர்க்கவில்லை. எந்த மௌனத்தில் தான் நுழையலாம், எதில் நுழையக்கூடாது என்று ராய் காட்சிக்குக் காட்சி வேறாகத் தீர்மானித்திருக்கிறார். அப்புவின் விஷயத்தில் அந்தத் தீர்மானத்தை நான் முழுமனதாக ஏற்கிறேன். சர்வஜயாவின் விஷயத்தில், அந்த இசை எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அவளாக நடித்த கருணா பானர்ஜியின் குரலையே கேட்டிருக்கலாம் என்ற பக்கம்தான் இன்னமும் சாய்கிறேன்.